ஆர்கனைசர் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு மாசம் மரக்கட்டையைத் தூக்கிட்டுப் போங்க!



எங்க வீட்டு பீரோவுல, பட்டு வேட்டிக்கும் பழைய ஆல்பத்துக்கும் நடுவுல ஒரு டேப்லெட் தூங்கிட்டு இருக்கு. விலை 30,000 ரூபாய். அதை வாங்கின கதையைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாசம் கிரெடிட் கார்டு பில் கட்ட மறந்துட்டேன். பில் 18,400 ரூபாய். அக்கவுன்ட்ல பணம் இருந்துச்சு, தேதிதான் மறந்து போச்சு. லேட் ஃபீ, வட்டி, ரெண்டுக்கும் மேல ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து 1,880 ரூபாய் தண்டம். "நமக்கு ஒரு ஒழுங்கே இல்ல, எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சாத்தான் உருப்படுவோம்"னு அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணேன். அந்த வேகத்துல பேனாவோட ஒரு டேப்லெட் ஆர்டர் போட்டேன். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.', ஆறு மாசம்.

முதல் ரெண்டு வாரம் பிரமாதம். சம்பளத்துக்குப் பச்சை, வாடகைக்குச் சிவப்பு, எஸ்.ஐ.பி.க்கு நீலம்னு கலர் கலரா பிளானர் போட்டேன். மூணாவது வாரம்தான் தெரிஞ்சது, கூட்டமான ரயில்ல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இதை எடுத்து எழுதவே முடியாதுன்னு. ரெண்டாவது மாசம் சார்ஜ் போட மறந்தேன். மூணாவது மாசம் அதே கார்டு, அதே தேதி, மறுபடியும் கோட்டை விட்டேன். அந்த பில்லுல என்ன இருந்துச்சு தெரியுமா? அந்த டேப்லெட்டோட இ.எம்.ஐ.!

மறக்காம இருக்கறதுக்காக வாங்கின பொருளுக்கே பணம் கட்ட மறந்தவன் எழுதற கட்டுரை இது. "ப்ரோ, வேலை, பணம், படிப்பு எல்லாத்தையும் ஒழுங்கா வெச்சுக்கணும். டேப்லெட் வாங்கவா, இ-இங்க் நோட் வாங்கவா, இல்ல போனே போதுமா?"ன்னு நம்ம வீடியோக்களுக்குக் கீழ அடிக்கடி கேக்கறீங்க. நான் பண்ண தப்பை நீங்க பண்ணக் கூடாதுங்கறதுதான் என் ஆசை.

மரக்கட்டை கதை

கையடக்க ஆர்கனைசர் ஒண்ணும் புது விஷயம் இல்லை. 1984-லேயே இங்கிலாந்துல 'சயான் ஆர்கனைசர்' வந்தாச்சு. அப்புறம் போன் நம்பர் சேமிக்கிற டிஜிட்டல் டைரிகள். 90-களில் வெளிநாட்டிலிருந்து வர்ற மாமா, சித்தப்பா பெட்டியில அதுவும் ஒண்ணு கண்டிப்பா இருக்கும்.

1993-ல் ஆப்பிள் நிறுவனம் 'நியூட்டன் மெசேஜ்பேட்' கொண்டு வந்தது. கையால எழுதினா அதுவே படிச்சுப் புரிஞ்சுக்கும்னு சொன்னாங்க. ஆனா ஆரம்பத்துல அது எழுத்தைத் தப்புத் தப்பா படிச்சதை வெச்சு ஊரே கிண்டல் பண்ணுச்சு. சட்டைப் பையிலயும் அடங்காது. 1998-ல் ஆப்பிள் அதை நிறுத்திவிட்டது.

அதே காலத்துல ஜெஃப் ஹாக்கின்ஸ்னு ஒருத்தர் ஒரு சின்ன சாதனத்தை யோசிச்சுக்கிட்டு இருந்தார். மெஷின் செய்யறதுக்கு முன்னாடி அவர் செஞ்ச வேலைதான் நமக்கு முக்கியம். தன் சட்டைப் பை அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டினார். அதைப் பையிலயே போட்டுக்கிட்டுத் திரிஞ்சார். யாராவது "அடுத்த வாரம் மீட்டிங் வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டா, கட்டையை எடுத்து, அதுல காலண்டர் பாக்கற மாதிரியே குச்சியால தட்டுவார். பார்க்கறவங்க என்ன நினைச்சிருப்பாங்களோ! ஆனா எந்தெந்த நேரத்துல உண்மையிலேயே கை பைக்குள்ள போகுது, என்ன தேட வேண்டியிருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு.

அதிலிருந்து வந்ததுதான் 1996-ல் வெளியான பாம் பைலட். விலை 299 டாலரில் ஆரம்பம். முகவரி, காலண்டர், செய்ய வேண்டியவை, குறிப்பு, இந்த நாலுதான் முக்கிய வேலை. ஓடறதுக்கு ரெண்டு சின்ன பேட்டரி. பட்டனை அழுத்தினா உடனே திறக்கும். நியூட்டனை விட ரொம்பக் குறைவான வேலை செஞ்ச இந்தச் சாதனம் லட்சக்கணக்குல விற்றது.

ஒரு சாதனம் தயாரிக்கிறவரே முதல்ல கட்டையை வெச்சுப் பழகிப் பார்த்தார். மாசச் சம்பளத்துல அதை வாங்கப் போற நாம அந்தச் சோதனையைப் பண்ண வேண்டாமா?

30 நாள் சோதனை

உங்களுக்கு மரக்கட்டை வேண்டாம், ஒரு நோட்டு போதும். நீங்க வாங்க நினைக்கிற சாதனம் எந்த அளவோ, கிட்டத்தட்ட அதே அளவுல ஒரு நோட்டு வாங்குங்க. டேப்லெட்னா பெரிய நோட்டு, சின்ன சாதனம்னா பாக்கெட் நோட்டு. ஐம்பது, அறுபது ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

அதை 30 நாள் எங்க போனாலும் கூட எடுத்துட்டுப் போங்க. ஆபீஸ், பஸ், டீக்கடை, சொந்த ஊர், எல்லா இடத்துக்கும். "இப்ப அந்தச் சாதனம் இருந்தா எடுத்திருப்பேன்"னு தோணுற ஒவ்வொரு தடவையும் நோட்டை எடுத்து, தேதி போட்டு, எதுக்காக எடுத்தீங்கன்னு ஒரே வார்த்தை எழுதுங்க: தேதி, கணக்கு, மீட்டிங், படிக்க, வரைய, இப்படி. பக்கத்துலயே இன்னொரு குறி: இந்த வேலையைப் போன்லயே முடிச்சிருக்கலாமா? ஆமாம்னா ஒரு டிக்.

மாசக் கடைசியில எண்ணிப் பாருங்க.

30 நாள்ல பத்து நாள் கூட நோட்டை எடுக்கலைன்னா, சாதனம் வாங்கினாலும் எடுக்க மாட்டீங்க. காசு மிச்சம்.

நிறைய எடுத்தீங்க, ஆனா முக்காவாசி இடத்துல டிக் இருக்குன்னா, உங்களுக்குத் தேவை புது சாதனம் இல்லை. இருக்கற போனை ஒழுங்கா செட் பண்ணினாலே போதும்.

நிறைய எடுத்தீங்க, டிக் கம்மின்னா, உங்க தேவை உண்மையானது. தாராளமா வாங்குங்க.

நோட்டைத் தூக்கிட்டுப் போறதே பாரமா இருந்து மூணாவது நாளே வீட்டுல வெச்சுட்டீங்களா? அதுவும் ஒரு பதில்தான். நான் இதைப் பண்ணியிருந்தா என் 30,000 மிஞ்சியிருக்கும்.

உங்களுக்கு எது சரி?

நோட்டுல எந்த வார்த்தை அதிகமா வந்திருக்குன்னு பாருங்க. அதை வெச்சு முடிவெடுக்கலாம்.

'தேதி' அதிகமா இருந்தா: கார்டு பில், கரண்ட் பில், இன்ஷூரன்ஸ் பிரீமியம், வண்டி இன்ஷூரன்ஸ். இதுக்கு எந்தச் சாதனமும் வாங்காதீங்க. போன் காலண்டர்ல ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நினைவூட்டல் போடுங்க: கடைசித் தேதிக்கு அஞ்சு நாள் முன்னாடி ஒண்ணு, ரெண்டு நாள் முன்னாடி ஒண்ணு. மாசாமாசம் தானா வர்ற மாதிரி செட் பண்ணிட்டா முடிஞ்சது. கிரெடிட் கார்டுக்கு ஆட்டோ பே போடுங்க. அதுல கவனம்: 'குறைந்தபட்சத் தொகை'யைத் தேர்ந்தெடுத்தா மீதிக்கு வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். மாசம் மூணு, மூன்றரை சதவீதம்னு போகற வட்டி அது. 'மொத்தத் தொகை'யைத் தேர்ந்தெடுங்க, அன்னிக்கு அக்கவுன்ட்ல பணம் இருக்கான்னும் பார்த்துக்குங்க.

'கணக்கு' அதிகமா இருந்தா: டீ, பெட்ரோல், யு.பி.ஐ., நண்பனுக்குக் கொடுத்தது. செலவு நடந்த பத்து செகண்டுக்குள்ள எழுதலைன்னா அது எழுதப்படாது. அந்த நேரத்துல கையில இருக்கறது போன்தான். ஒரு சாதாரண குறிப்பு ஆப் அல்லது ஷீட் போதும். ராத்திரி உக்காந்து டேப்லெட்ல ஏத்திக்கலாம்ங்கற கதை ஒரு வாரத்துக்கு மேல ஓடாது.

'மீட்டிங்' அதிகமா இருந்தா: பேசறதைக் கேட்டுக்கிட்டே வேகமா எழுதணும், படம், அம்புக்குறி எல்லாம் போடணும், ஆறு மாசம் கழிச்சுத் தேடி எடுக்கணும்னா, பேனா வெச்ச டேப்லெட் அல்லது இ-இங்க் நோட் உண்மையிலேயே உதவும். மீட்டிங்ல எழுதினதைத் திரும்பப் பார்க்கறதே இல்லைன்னா, பேப்பர் நோட்டு போதும்.

'படிக்க' அதிகமா இருந்தா: போட்டித் தேர்வு, சி.ஏ., மேல்படிப்புன்னு நூத்துக்கணக்கான பக்கம் பி.டி.எஃப். படிக்கறவங்களுக்கு டேப்லெட் நல்ல முதலீடு. பிரின்ட் அவுட் செலவே மிச்சமாகும். போன் சின்னத் திரையில ரெண்டு மணி நேரம் படிச்சா கண்ணு எரியும்.

இன்னொரு வகை இருக்காங்க. "குறிப்பு எழுதத்தான் போனை எடுத்தேன், நாப்பது நிமிஷம் ரீல்ஸ் பாத்துட்டேன்"னு சொல்றவங்க. இவங்களுக்கு நோட்டிஃபிகேஷன் வராத தனிச் சாதனம் தேவைப்படலாம். இ-இங்க் நோட் இதுக்குப் பொருத்தமானது. பக்கம் மாறும்போதுதான் அதோட திரை கரன்ட் எடுக்கும், அதனால பேட்டரி பல நாள் தாங்கும். வெயில்லயும் தெளிவாத் தெரியும். ஆனா வீடியோ, வேகமான வேலைக்கு ஆகாது. விலையும் குறைவுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு பேப்பர் நோட்டும் இதே வேலையைச் செய்யுதான்னு பார்த்துட்டு அப்புறம் போங்க.

வாங்கறதுன்னு முடிவாச்சுன்னா

கடையில விற்பனையாளர் ராம் எவ்வளவு, பிராசஸர் என்னன்னு சொல்லுவார். நீங்க பார்க்க வேண்டியது வேற அஞ்சு விஷயம்.

ஒண்ணு, திறந்து எழுத எவ்வளவு நேரம் ஆகுது? கடையிலயே சோதிச்சுப் பாருங்க. பையிலிருந்து எடுத்து, லாக் திறந்து, ஒரு வரி எழுதி முடிக்கற வரைக்கும் எண்ணுங்க. அதிக நேரம் எடுத்தா நாளடைவுல எடுக்கவே மாட்டீங்க.

ரெண்டு, நீங்க தினமும் கொண்டு போற பைக்குள்ள அடங்குதா? அந்தப் பையையே கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

மூணு, தமிழ். நீங்க தமிழ்ல குறிப்பு எழுதறவங்கன்னா, கீபோர்டுல தமிழ் சரியா வருதா, பேனாவால எழுதின தமிழைத் தேட முடியுதான்னு ஒரு வார்த்தை எழுதிப் பாருங்க. பல ஆப்கள்ல ஆங்கிலக் கையெழுத்தைத் தேடும், தமிழைத் தேடாது.

நாலு, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் தருவாங்க? விலை மலிவான டேப்லெட்கள்ல பெரும்பாலும் இங்கதான் அடி வாங்குவோம். மென்பொருள் பழசாயிட்டா முதல்ல வங்கி ஆப்களே வேலை செய்ய மறுக்கும்.

அஞ்சு, எழுதினதை வெளியே எடுக்க முடியுமா? பி.டி.எஃப். ஆகவோ சாதாரண ஃபைலாகவோ மாத்த முடியணும். பாம் கம்பெனியை 2010-ல் ஹெச்.பி. வாங்குச்சு, அடுத்த வருஷமே அந்தச் சாதனங்களை நிறுத்திடுச்சு. ஒரு காலத்துல கொடி கட்டிப் பறந்த பெயருக்கே இதுதான் கதி. கம்பெனி போனாலும் உங்க குறிப்பு உங்ககிட்ட இருக்கணும்.

விலைச் சீட்டுல இல்லாத விலை

30,000 ரூபாய் டேப்லெட்டோட உண்மையான செலவைப் போட்டுப் பார்க்கலாம். பேனா 3,500. கவர், ஸ்கிரீன் கார்டு 1,500. ஆப் அல்லது கிளவுட் சந்தா மாசம் 100 ரூபாய்னா மூணு வருஷத்துக்கு 3,600. மொத்தம் 38,600. மூணு வருஷம் கழிச்சு 6,000-க்கு வித்தீங்கன்னு வெச்சுக்கிட்டா, நிகரச் செலவு 32,600. அதை 36 மாசத்தால வகுத்தா மாசம் சுமார் 905 ரூபாய்.

மாசம் 20 நாள் பயன்படுத்தினா ஒரு நாளைக்கு 45 ரூபாய். படிச்சுத் தேர்வுல ஜெயிக்கப் போறவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லை. மாசம் ரெண்டே நாள் எடுக்கறவங்களுக்கு ஒரு தடவை எடுக்கறதுக்கு 450 ரூபாய். உங்க 30 நாள் நோட்டுல இருக்கற எண்ணிக்கையை இந்தக் கணக்குல போட்டுப் பாருங்க, பதில் தானா வரும்.

இப்ப 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'க்கு வருவோம். ஆறு மாசம், மாசம் 5,000, மொத்தம் அதே 30,000. அப்ப வட்டி எங்க? வங்கி வட்டி போடத்தான் செய்யுது. வருஷத்துக்கு 15 சதவீதம்னு வெச்சா, ஆறு மாசத்துல சுமார் 1,270 ரூபாய் வட்டி. அதே தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாக் கழிச்சுடறார், அவ்வளவுதான். ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 229 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா, அதுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக 464 ரூபாய் கூடுதல். பூஜ்ய வட்டின்னு சொல்ற திட்டங்கள்ல வட்டி பிராசஸிங் கட்டணமா மறைஞ்சு வருதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கு.

இதுக்கு மாற்று வழி ஒண்ணு இருக்கு. சோதனை ஆரம்பிக்கிற அன்னிக்கே மாசம் 5,000-க்கு ஆறு மாச ஆர்.டி. போடுங்க. உங்களுக்கு நீங்களே கட்டற இ.எம்.ஐ. அது. 6.5 சதவீத வட்டின்னா ஆறு மாசத்துல சுமார் 570 ரூபாய் கிடைக்கும். அங்க 464 கூடுதல், இங்க 570 வரவு, ஆயிரம் ரூபாய்க்கு மேல வித்தியாசம். அதைவிடப் பெரிய லாபம், அந்தச் சாதனம் தேவையா இல்லையான்னு அதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். தேவையில்லைன்னா 30,000 முழுசா கையில. எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும்.

மாமாவோட டிஜிட்டல் டைரி

எங்க மாமா 90-களில் துபாய்ல இருந்து ஒரு டிஜிட்டல் டைரி கொண்டு வந்தார். கால்குலேட்டர் மாதிரி இருக்கும், மூடி திறந்தா குட்டிக் குட்டி பட்டன். ஊர்ல அவர் யார் யாருக்குக் கைமாத்துக் கொடுத்திருக்கார், எவ்வளவு, எப்ப, எல்லாம் அதுக்குள்ளதான். பாஸ்வேர்டு வேற. அதுல முக்கிய பேட்டரி ஒண்ணு, காப்புக்கு ஒண்ணு. ஒரு வருஷம் ரெண்டுமே தீர்ந்து போச்சு, மாமா கவனிக்கலை. புது பேட்டரி போட்டுத் திறந்தா, எல்லாம் காலி.

நல்லவங்க சிலர் தானா வந்து கொடுத்தாங்க. சிலர், "எவ்வளவு மாமா வாங்கினேன்? நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அவரால தொகையைச் சொல்ல முடியலை. இன்னிக்கும் கல்யாண வீட்டுல சில பேரைப் பார்த்தா மாமா முகம் மாறிடும்.

அதனால எந்தச் சாதனம் வாங்கினாலும் மூணு விஷயம் மறக்காதீங்க.

குறிப்புகளுக்கு இன்னொரு நகல் வேற இடத்துல இருக்கணும். மாசம் ஒரு தடவை எடுத்து வெச்சா போதும்.

சொந்தக் கணக்கு வழக்குகளை ஆபீஸ் மெயில், ஆபீஸ் காலண்டர், ஆபீஸ் லேப்டாப்ல வைக்காதீங்க. ரிசைன் பண்ற அன்னிக்கு லாகின் போயிடும். உங்க பிரீமியம் தேதியும் அதோட போயிடும்.

ஏ.டி.எம். பின், கார்டு பின்னாடி இருக்கற மூணு இலக்க எண், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு இதெல்லாம் குறிப்புல எழுதவே எழுதாதீங்க. ஆனா எந்த வங்கியில அக்கவுன்ட், எந்த இன்ஷூரன்ஸ், எந்த ஃபண்ட், பி.எஃப். எண் என்னங்கறதை ஒரு பேப்பர்ல எழுதி, வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கொடுத்து வைங்க. நீங்க மட்டும் திறக்க முடியற சாதனம், உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்கு உதவாது.

இப்ப நான் என்ன பண்றேன்?

போன் காலண்டர்ல 11 தேதிகள் இருக்கு. கார்டுக்கு மொத்தத் தொகைக்கு ஆட்டோ பே. சட்டைப் பையில ஒரு குட்டி நோட்டு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை காலையில காபியோட உக்காந்து அதைப் பார்த்து ஷீட்ல ஏத்தறேன், இருபது நிமிஷம் ஆகும். இந்த ரெண்டரை வருஷத்துல ஒரு லேட் ஃபீ கூட கட்டலை.

பீரோவுல இருக்கற டேப்லெட்டை இந்த வாரம் வெளியே எடுக்கப் போறேன். தங்கச்சி மகன் பிளஸ் டூ போறான், பாடத்துக்கு பி.டி.எஃப். படிக்கணுமாம். அவன்கிட்டயும் முதல்ல ஒரு நோட்டைக் கொடுத்து 30 நாள் தூக்கிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். 26 நாள் எடுத்திருக்கான். அவனுக்குத் தாராளமா கொடுக்கலாம்.

நீங்களும் இன்னிக்கே ஒரு நோட்டு வாங்கி ஆரம்பிங்க. 30 நாள் கழிச்சு உங்க எண்ணிக்கை என்ன, அதிகமா வந்த வார்த்தை எதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. வாங்கலாமா வேண்டாமான்னு சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.